இரட்டைக்கண் பெட்டி

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை, படம்தான் பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நடக்க ஆரம்பித்த பிறகு பிட்டருக்கு இந்த எரிச்சல் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கட்டிலில் ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான். பார்க்க வந்த மகன் அப்பன் முகத்தைப் பார்க்காமல், தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலைப் படம் பிடித்து எவனுக்கோ அனுப்புகிறான். ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்தால் வாயில் வைப்பதற்கு முன் ஒரு படம். லிப்டுக்குள் நின்றால் அங்கேயும் ஒரு படம், லிப்டில் என்ன இருக்கிறதோ! ஆயிரம் எடுக்கிறார்கள். எடுத்ததில் ஒன்றையாவது திரும்பிப் பார்க்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது.

பிட்டர் என்பது அவர் பெயரல்ல, தொழில். கொதிகலன் ஓடுகிற ஆலைகளில் பைப் பொருத்தியே வயசைக் கரைத்தவர். அந்த வேலையில் அவர் சாமி மாதிரி காப்பாற்றிய வழக்கம் ஒன்று உண்டு. திறந்த பைப்பின் வாயை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார். கந்தலை உருட்டி வாயை அடைத்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குவார். ஒரு நட்டு உள்ளே உருண்டு போனால் போதும், ஆலையே நின்றுவிடும். வேலையை விட்டு வந்த பிறகும் கை மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் தண்ணீர் ஜாடி, எண்ணெய்ப் புட்டி, பேனா, பவுடர் டப்பா என்று எது திறந்திருந்தாலும் போகிற போக்கில் மூடிவிட்டுப் போவார். பாதி குடித்த காப்பியை மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் அதன்மேல் தட்டு உட்கார்ந்திருக்கும்.

"ஏங்க, நான் கொட்டாவி விட்டா வாயையும் மூடிடுவீங்க போல!" என்பாள்.

அவளுடைய அந்த வாயில்தான் இப்போது வினை. இடது கடைவாய்ப் பல்லுக்கு அடியில் ஆறாத புண். ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு பெரிய டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பக்கத்துத் தாடை எலும்பைப் பாதிக்குமேல் எடுத்தாக வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். முகம் எப்படி இருக்கும் என்று மகள் கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயிர்தாம்மா முக்கியம்" என்றார். பதில் புரிந்துவிட்டது.

பிட்டரின் மனைவிக்குத் தாடை கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில் அவர் விளையாட்டாக "மண்வெட்டி" என்று கூப்பிடப் போக, அது அவளிடம் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து யார் படம் எடுத்தாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். வீட்டில் இருக்கிற படம் ஒவ்வொன்றிலும் அவள் இருமுகிறவள் மாதிரியே இருப்பாள். மகள் கல்யாணத்தில்கூட முந்தானையை வாயில் பொத்திக்கொண்டுதான் நின்றாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளே சொன்னாள். "உங்களுக்கும் நிம்மதி, டாக்டருக்கும் வேலை. மண்வெட்டியில பாதியைக் கழிச்சுடறாங்களாம்."

பிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, என்னை ஒரு படம் எடு. போன்ல வேணாம். ஒழுங்கா, பெருசா, செவுத்துல மாட்டற மாதிரி. கையை எடுத்துட்டு உக்காரறேன். இந்த ஒரு தடவைதான்."

மகளுக்குத் தொழிலே படம்தான். கம்பெனிகள் விற்கிற வால்வு, பல்சக்கரம், திருகாணி எல்லாவற்றையும் விலைப்பட்டியல் புத்தகத்துக்காகப் படம் பிடிக்கிறவள். அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கேமரா. முகங்களை எடுக்க ஒரு பெரிய பிலிம் கேமரா வாங்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதை வாங்குவது என்று முடிவு பண்ண முடியாமலே காலம் போயிற்று. இப்போது அம்மாவே கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அவராகத்தான் கிளம்பினார். கடைக்காரன் என்றால் ஏமாற்றுவான் என்பது அவர் கட்சி.

படியேறிப் போகிற மாடிக்கடை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் பழைய கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்து வந்தவர்களை முறைத்தன. மூலையில் பிலிம் கழுவுகிற இருட்டறை, மருந்து நெடி. கடைக்காரனுக்குச் சுருட்டைத்தலை, காதில் ஒரு வளையம். வளையத்தைப் பார்த்ததுமே பிட்டருக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

"இதெல்லாம் மீடியம் ஃபார்மட் ஐயா. சாதாரண பிலிமை விட இதோட பிலிம் பல மடங்கு பெருசு. முகத்துல ஒரு ரோமம் விடாம வரும்" என்றான்.

"பெருசா இருந்தா நல்லதா? எங்க மேனேஜர் வயிறும்தான் பெருசா இருந்துச்சு."

மகள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். கடைக்காரன் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தான். அகலமாக இருந்த ஒன்றை மகள் உடனே தள்ளிவைத்துவிட்டாள். ஊர், தெரு, மலை எடுக்க நல்லதாம், முகத்துக்குக் கிட்டே போனால் அதற்குப் பார்வை தெளியாதாம். மிச்சம் இரண்டு.

முதல் பெட்டிக்கு ஒரே கண். நல்ல இரும்புக்கனம். பிட்டர் கையில் வாங்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது. மேலே குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் கடையின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அமுக்குங்க ஐயா. பிலிம் இல்லை."

அமுக்கினார். தடால் என்று கதவு சாத்தின மாதிரி ஒரு சத்தம். மின்விசிறி காணாமல் போய் உள்ளே கும்மிருட்டு.

"என்னய்யா, அணைஞ்சு போச்சு?"

"உள்ள கண்ணாடி மேல ஏறிக்கும். அப்பதான் வெளிச்சம் பின்னாடி பிலிமுக்குப் போகும். சாவியைத் திருகினா மறுபடி தெரியும்."

"அப்ப படம் எடுக்கற நேரத்துல, எடுக்கறவனுக்கே ஒண்ணும் தெரியாது?"

"அந்த ஒரு நொடிதான் ஐயா."

"அந்த ஒரு நொடிக்குத்தானே இத்தனை காசு?"

சுருட்டைத்தலை சிரித்துவிட்டு இரண்டாவதை நகர்த்தினான். அது நெட்டுக்குத்தாக நின்ற பெட்டி, லேசானது. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள்.

"மேல் கண்ணு நமக்கு, கீழ்க் கண்ணு பிலிமுக்கு. நாம பார்க்கறது மேல வழியா. படம் விழறது கீழ வழியா. இதுல இருட்டும் ஆகாது, சத்தமும் வராது. ஆனா லென்ஸ் மாத்த முடியாது, வந்ததோட வாழணும்."

"அதாவது பார்த்தவன் ஒருத்தன், சாட்சி சொல்றவன் இன்னொருத்தன். எந்தக் கோர்ட்டுல ஒத்துப்பாங்க?"

"அப்பா, சும்மா இருங்களேன்" என்றாள் மகள். இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுக்கு நாளைக்கு வேறு வேறு லென்ஸ் வாங்கிக்கொண்டே போகலாம். இன்னொன்று கைக்கு அடக்கம். அவளால் முடியவில்லை. கடைசியில் அடையாள அட்டையைக் கடையில் வைத்துவிட்டு இரண்டையும் கொண்டுபோய் எடுத்துப் பார்ப்பது, பிலிமை இங்கேயே கழுவக் கொடுப்பது, எது சரியோ அதை வாங்கிக்கொள்வது என்று பேச்சு.

"இரட்டைக்கண்ணுக்குக் கீழ்மூடி மட்டும்தான் இருக்கு. மேல்மூடி தொலைஞ்சு போச்சு" என்று ஒரு கறுப்பு மூடியைக் காட்டினான் கடைக்காரன். பிட்டர் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூடி விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை.

சனிக்கிழமை ஒற்றைக்கண்ணை எடுத்தார்கள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தினாள் மகள். முதல் தடால் சத்தத்துக்கே அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். புண்ணில் வலி தெறித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், சத்தம் வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே கண்ணை இறுக்கிக்கொண்டாள். கை பாதி வழிக்கு ஏறி ஏறி இறங்கியது.

"கண்ணைத் திறங்கம்மா."

"திறந்துதானே வெச்சிருக்கேன்."

"அமுக்கறப்ப எனக்கு உள்ள இருட்டாயிடுதும்மா, தெரியலை. மூடினீங்களா இல்லையா?"

"எனக்கு மட்டும் எப்படிடி தெரியும்?"

"நான் சொன்னேன்ல" என்றார் பிட்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி. அம்மாவும் மகளும் சேர்ந்து அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரட்டைக்கண் முறை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. அதனால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், யாரோ தூங்குகிற மாதிரி. அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டாள். நீலத்தில் சின்னக் கட்டம். தலையை வாரி, கண்ணாடிக்கு முன்னால் நின்று தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிட்டர் வாசல் நிலையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, எதற்கோ போகிறவர் மாதிரிக் கூடத்துக்குப் போய்விட்டார்.

மகள் கேமராவை நிறுத்தி, வெளிச்சம் அளந்து, பிலிம் போட்டு, பார்வையைச் சரிபண்ணினாள். அப்புறம், அம்மாவின் இடது கன்னம் இருட்டடிக்கிறது, வெள்ளைப் போர்வை ஒன்றைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பும் என்று உள்ளறைக்குப் போர்வை தேடப் போனாள்.

பிட்டர் எழுந்து வந்து கேமராவுக்கு மேல் குனிந்தார்.

உள்ளே அவள் இருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம், அதற்குள் ஜன்னல் வெளிச்சமும் நீலக் கட்டமும் அவள் முகமும். கை மடியில் இருந்தது. வாயைப் பொத்தவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை இவ்வளவு நேரம் இப்படி நேராகப் பார்த்தோமா என்று அவருக்குத் தோன்றியது. நேரில் பார்த்தால் அவள் என்னவென்று கேட்பாள். இப்போது அவர் குனிந்திருந்ததால் அவளுக்கு அவருடைய வழுக்கைதான் தெரிந்திருக்கும்.

"என்னங்க தெரியுது?"

"நீதான் தெரியற. ஆனா இடம் வலம் மாறித் தெரியுது. வீக்கம் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"அங்கேயே இருக்கச் சொல்லுங்க. நாளைக்கு டாக்டர் தேடிப் பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

சிரித்தாள். கை மேலே வரவில்லை. மண்வெட்டி முழுசாகத் தெரிய, பல் தெரிய, வலியோடு சிரித்தாள். பிட்டர் நிமிரவில்லை.

தெருவில் ஒரு லாரி போனது. ஜன்னல் வழியாகப் புழுதி உள்ளே வந்து, வெளிச்சத்தில் பொடிப்பொடியாக இறங்கியது. பிட்டர் கேமராவைச் சுற்றி வந்தார். கீழே அந்த இன்னொரு கண் திறந்து கிடந்தது. யாரும் பார்க்காத கண், திறந்த வாய். கை சட்டைப்பைக்குப் போய், மூடியை எடுத்து, டக்கென்று அதில் அழுத்தியது. இவ்வளவும் நடக்க அவர் யோசிக்கக்கூட இல்லை.

"என்னத்தை மூடறீங்க?"

"புழுதி."

"ஆரம்பிச்சுட்டீங்களா!"

மகள் போர்வையோடு வந்தாள். ஒரு முனையை அப்பா கையில் கொடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். மேலே குனிந்தாள். உள்ளே அம்மா பளிச்சென்று இருந்தாள். இந்தக் கேமராவில் இருட்டாகவே இல்லை, டிக் என்று எலி பல் படுகிற மாதிரி ஒரு சத்தம்தான். அம்மா பயப்படவில்லை. தாடையைத் தூக்கி, நேராகப் பார்த்து, ஒரு தடவை லேசாகச் சிரித்துக்கூட உட்கார்ந்திருந்தாள். சுருள் முடிகிற வரை எடுத்தாள் மகள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கிடைச்சிருச்சும்மா. இதுதான். இந்தக் கேமராதான் எனக்கு" என்றாள். பிறகு போர்வையை மடித்துக்கொண்டே, "அப்பா, லென்ஸ் மூடியைப் போட்டுடுங்க."

"அப்பவே போட்டாச்சு" என்றார் பிட்டர்.

அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தாலும் மனசில் விழவில்லை.

ஆபரேஷன் நடந்தது. பகல் முழுக்க நடந்தது. வெளியே கொண்டுவந்தபோது தலையிலிருந்து கழுத்து வரை கட்டு, மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். பைப்போடு வாழ்ந்த மனுஷன், அந்தக் குழாய்களைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு வராது, கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். கட்டை மாற்றுகிறபோது ஒரு தடவை திரை சரியாக மூடவில்லை. பிட்டர் பார்த்துவிட்டார். ஒரு பக்கம் அவள். இன்னொரு பக்கம் கீழே ஒன்றுமே இல்லாமல் உள்ளே வாங்கியிருந்தது. நர்ஸ் பார்ப்பதற்குள் அவரே திரையை இழுத்து மூடினார்.

கண் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் விஷயம் அதுதான். இரண்டு கையின் விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள். படம்.

"வரும், வரும். கழுவிட்டு இருக்கான்" என்றார் பிட்டர். தினமும் சதுரம் போட்டாள். தினமும் அதையே சொன்னார். ஒருநாள் அவள் சதுரத்தைப் போட்டுவிட்டு, அதற்குள் தன் முகத்தை வைத்துக்காட்டினாள். அன்று அவர் டீ வாங்கப் போய்விட்டார்.

கடைக்காரன் வாரத்துக்கு ஒரு நாள்தான் மருந்து கலக்குவான். சொன்ன நாளில் அப்பாவும் மகளும் போனார்கள். அவன் மேஜைக்குள் இருந்த விளக்கைப் போட்டு, அதன்மேல் பதித்திருந்த வெள்ளைக் கண்ணாடியில் முதல் சுருளைப் பரப்பினான். ஒற்றைக்கண். கறுப்பு வெள்ளை இடம் மாறின சின்னச் சதுரங்கள். மகள் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கண் இறுகி மூடியிருந்தது. சிலவற்றில் கை வேறு.

"பரவாயில்லை, இதுல கிடைக்காதுன்னு தெரியும். அடுத்ததைக் காட்டுங்க."

கடைக்காரன் தயங்கினான். இரண்டாவதைப் பரப்பினான். அதில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாதிரி, ஜன்னல் கண்ணாடி மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் பிலிம்.

"எங்கே?" என்றார் பிட்டர்.

"வெளிச்சமே விழலை ஐயா."

"நீ கழுவினதுல போயிருக்கும்."

"இல்லை ஐயா. ஓரத்துல பாருங்க, நம்பர், எழுத்து எல்லாம் பளிச்சுனு வந்திருக்கு. கழுவினது தப்பா இருந்தா அதுவும் வந்திருக்காது. கேமராவையும் போட்டுப் பார்த்துட்டேன், நல்லா ஓடுது." மகளைப் பார்த்தான். "மூடியோட எடுத்துட்டீங்களாம்மா? இதுல அதுதான் வம்பு. மேல கண்ணு காட்டிட்டே இருக்கும்."

மகள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அப்பவே போட்டாச்சுன்னு சொன்னீங்களேப்பா."

"ஆமா, புழுதி வந்துச்சு. போட்டேன்."

"எப்ப?"

"நீ போர்வை எடுக்கப் போனப்ப. அதுக்கென்ன இப்ப? படம் தெரிஞ்சுதே! நீயும்தானே பார்த்த?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கடைக்காரன்தான் அந்த இரட்டைக்கண் பெட்டியை எடுத்துக் கீழ்க் கண்ணில் மூடியை அழுத்தி, அவர் முன்னால் வைத்தான்.

"பாருங்க ஐயா."

பிட்டர் குனிந்தார். உள்ளே கடை, அலமாரி, விளக்கு, வாசல் வெளிச்சம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மகள் தெரிந்தாள், முகத்தில் கையோடு.

"தெரியுதே."

"தெரியும். ஆனா விழாது."

"கண்ணுக்கு இவ்வளவு தெளிவாத் தெரியறது எங்கேய்யா போகும்? நான் பார்த்தேன். கையை எடுத்துட்டுச் சிரிச்சா. பல்லு தெரிஞ்சுது. இருந்தாள்னு சொல்றேன், நீ இல்லைங்கற!"

"ஐயா, நீங்க பார்த்தது பொய்யின்னு சொல்லலை..."

"பின்னே?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒற்றைக்கண் பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கறேன். இருட்டானா இருட்டாகட்டும். ஒரே கண்ணுதானே, மூடி போட்டிருந்தா முன்னாடியே சொல்லிடும்." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அம்மா கேட்டா என்னப்பா சொல்றது?" என்றாள்.

பிட்டர் மேஜையிலிருந்து அந்த வெறும் பிலிமை எடுத்தார். கடைக்காரன் வேகமாக உறை ஒன்றை நீட்டினான். அதற்குள் போட்டு, உறையின் வாயை மடித்து மூடி, சட்டைப்பையில் வைத்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"அவகிட்ட காட்டப் போறேன்."

"அதுல ஒண்ணுமே இல்லைப்பா!"

"அதை அவ பார்த்துச் சொல்லட்டும். நீங்க ரெண்டு பேரும் சொல்லி நான் கேக்கறதா இல்லை."

படியிறங்கித் தெருவுக்கு வந்தார். பார்வை நேரம் தொடங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் அவள் கை தூக்கிச் சதுரம் போடுவாள். எதிரே ஒருவன் நடுத்தெருவில் நின்று போனை நீட்டித் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தான். பிட்டர் ஒதுங்கவில்லை, தோளை இடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன், எங்கே போய்விடும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற சந்தில் திரும்பினார்.